ஒன்பதடி

இன்றைக்கும் எழுந்து வந்துவிட்டான். செருப்பை மாட்டிக் கேமராப் பையைத் தோளில் போட்டபோது கட்டிலுக்கடியில் ஓசையே இல்லை. சரி, இன்றைக்குத்தான் போலிருக்கிறது. வேண்டுமென்றே கேட்டின் கொண்டியைச் சத்தமாகத் தட்டினேன். அப்புறம்தான் தரையில் நகம் தட்டுகிற சத்தம், டக், டக், நடுவில் ஒரு நிற்றல், மறுபடி டக். வந்து நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தான், காலங்காத்தால ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்பது போல. வந்துவிட்டாய் அல்லவா, போதும், இன்றைக்குப் பிழைத்தோம். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடம் அவனுடையது. முன்னெல்லாம் நான் சாவி போடுவதற்குள் ஏறி உட்கார்ந்திருப்பான். இப்போது முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு, மீதியை நீ பார்த்துக்கொள் என்று நிற்கிறான். பின்பாதியை நான் தூக்கி வைக்கிறேன். தூக்கத் தூக்கக் கனம் குறைந்துகொண்டே வருகிறது, அதை நினைக்கக் கூடாது, வண்டி ஓட்டும்போது நினைக்கவே கூடாது. இதோ குளத்துக்கு வந்தாகிவிட்டது, கரை மேல் நடக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி இல்லை, அவசரம் இல்லை. அவன் என் இடது காலை உரசிக்கொண்டு வருகிறான். நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று புல்லை மோப்பம் பிடிக்கிற மாதிரி நடிக்கிறான், இளைப்பாறுகிறான் என்று எனக்குத் தெரியக் கூடாதாம். நானும் வானத்தைப் பார்க்கிற மாதிரி நடிக்கிறேன். டாக்டர் பரீதா நல்ல பெண், என்னைவிட இருபது வயது சின்னவள், நாய் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்துப் பேச்சில் பூசி மெழுகுவதே கிடையாது. "நாள் நான் குறிக்கக் கூடாதுக்கா, அவனே சொல்லுவான். தினமும் விடாம ஒண்ணு செய்வான்ல, அவனோட பழக்கம்னு? அதை என்னைக்கு விடறானோ அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடுங்க, ஊசியோட வீட்டுக்கே வந்துடறேன். அதுக்கு மேல இழுத்துப் பிடிச்சா அது நமக்காகத்தான் இருக்கும், அவனுக்காக இருக்காது." அப்படி என்ன விடாமல் செய்வான் என்று அவள் கேட்டபோது என் வாய் சும்மா இருந்திருக்க வேண்டும். "நான் தள்ளிப் போனா எந்திரிச்சு வந்துருவானுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். தூக்கத்தில் காலை உதைப்பான் என்று சொல்லியிருக்கலாம். இடி இடித்தால் பீரோவுக்குப் பின்னால் ஒளிவான் என்று சொல்லியிருந்தால் அடுத்த ஐப்பசி வரைக்கும் ஓட்டியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும், அந்த நுணல் நான்தான்.

ஒன்பதடி. என் லென்சின் கணக்கு அது. தூரத்துக் கிளையில் இருக்கிற மீன்கொத்தியின் கண்ணிமையைக் கூடக் காட்டிக் கொடுக்கும், ஒன்பதடிக்கு இப்பால் யானையே வந்து நின்றாலும் அதற்கு வெறும் கலங்கல்தான். பறவை பிடிக்கிற பெரிய லென்சுகளுக்கெல்லாம் இந்தக் குறை உண்டு, தூரம் தெரியும், கிட்டம் தெரியாது. அவனோ என்னைவிட்டு ஒன்பதடி போனவன் இல்லை. உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் நடப்பேன், ஒன்று, இரண்டு, மூன்று எட்டு, கேமராவைக் கண்ணில் வைப்பதற்குள் எழுந்து வந்துகொண்டிருப்பான். உள்ளே தெரிவதெல்லாம் தவிட்டு நிறத்தில் ஒரு புகை, புகை பெரிதாகும், அப்புறம் முழங்காலில் ஈரமாக ஒரு மூக்கு. நில்லு என்றால் அவனுக்கு வா என்று அர்த்தம், இரு என்றாலும் வா என்றுதான் அர்த்தம். மரத்தில் கட்டிப் போட்டும் பார்த்தேன். ஊளையிட்ட ஊளையில் குளத்து நாரை முழுக்க எழும்பிப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் உருப்படியாய் அவனை ஒரு படம் எடுக்க முடியவில்லை. வீட்டுக்காரர் சிரிப்பார். "நாயைக் கண்டா போகஸக் காணோம், போகஸக் கண்டா நாயைக் காணோம். போன்ல புடிச்சா ஆச்சு, இதுக்குப் போயி இந்தப் பாடு." போனில் இல்லாமலா, நூறு இருக்கிறது. எல்லாவற்றிலும் மூக்கு உருளைக்கிழங்காகவும் காது இரண்டு பின்னால் எங்கேயோவும் இருக்கிறது, தூங்குகிற படம், துண்டு போர்த்திய படம். அது இல்லை எனக்கு வேண்டியது. ஒரு மைனாவுக்குக் கொடுத்த மரியாதையை இவனுக்குக் கொடுக்க வேண்டாமா? கண்ணில் வெளிச்சம் விழுந்து, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி, பின்னால் தண்ணீர் கரைந்து போய், அவன் மட்டும். ஒன்றே ஒன்று. அது கிடைத்துவிட்டால், ஆனால் அது எப்படிக் கிடைக்கும், அவன் எழுந்து வராமல் இருந்தால்தானே கிடைக்கும். இங்கே வந்து நூல் சிக்கிக்கொள்கிறது, தினமும் இந்த இடத்தில்தான் சிக்குகிறது. வேறு எதையாவது நினைப்போம்.

நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்தில் இறக்கையை விரித்துக் காயப் போட்டிருக்கிறது, கொடியில் போட்ட ஜாக்கெட் போல. எடுக்கலாம். வேண்டாம், இந்த வெளிச்சத்துக்கு வெறும் கறுப்பாக வரும். கறுப்பு வெள்ளையிலேயே காலம் தள்ளுகிறவள் நான், எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இருபத்தைந்து வருஷமாகச் சொல்வது மூன்றே வாக்கியம், அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க. சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று பொத்தானை அமுக்குவேன். தள்ளி நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அந்த அறைக்குப் பின்னால் ஜெனரேட்டர் கொட்டகை, அதன் பக்கத்தில்தான் பழைய பிலிம் டப்பாக்களை அடுக்கி வைப்போம். ஒரு மழை நாளில் ஒரு டப்பா முனகியது. திறந்தால் இவன், ஒரு கை நீளம், காதில் உண்ணி, வயிறு மட்டும் பலூன். தாயைக் காணோம். டப்பாவோடு தூக்கிக்கொண்டு வந்தேன். டப்பாவில் வந்ததால் டப்பா. எங்கள் வீட்டுக்காரர் சென்னியப்பன் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார், அன்றைக்குத் தாமிரக் கம்பிச் சுருளோடு வாசலில் நின்று, "நாயி உள்ள வந்தா நான் வெளிய போறேன், யோசிச்சுக்க" என்றார். மழை பெய்கிறது, எங்கே போவீர்கள் என்றேன். "செரி, மழை விடற வரைக்கும் இருக்கட்டும். அதென்ன டப்பான்னு ஒரு பேரு? நாய்க்குப் பேரு வெக்கவா தெரியாது, மணி, ராஜா, டைகர்னு எத்தன இருக்குது." மழை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது ஈரல் வாங்கி வந்து, வேகவைத்து, நரம்பு பார்த்து எடுத்து, சோற்றோடு பிசைந்து, உருண்டை பிடித்து, "ஒரு வாயி, என்ற சாமியில்ல" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊட்டுகிறவர் யாராம்? போன வாரத்திலிருந்து அதுவும் இரண்டு உருண்டைக்கு மேல் இறங்குவதில்லை. மீதியை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் வைத்துவிட்டு வருகிறார். கண் சிவந்திருந்தால் பட்டறையில் வார்னிஷ் நெடி என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏது பட்டறை?

ஆறுச்சாமி அண்ணன் பரிசலைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் குளத்தில் மீன் பிடிக்கிறவர், அவரிடம் பேசாமல் கடக்க முடியாது, நானும் தலையைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. "ஏனம்மிணி, நாயி இளைச்சுப் போச்சாட்ட இருக்குது?" வயசாச்சுங்கண்ணா என்கிறேன். எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறேன், பொய்யும் இல்லை. "வயசுன்னா நமக்குந்தான் ஆவுது. சோறு திங்குதுங்களா?" திங்குதுங்க. "அப்பறம் என்ன. எங்கூட்டு நாயி சோறு நிறுத்திப் போட்டு ஒரு வாரம் கெடந்துது. கண்ணு மட்டும் நான் போற பக்கமெல்லாம் வரும், ஒடம்பு வராது. அதைப் பாத்துக்கிட்டுச் சோறு திங்க முடியுங்களா? அன்னைக்கெல்லாம் கொளத்துலயே கெடந்தேன், ஊட்டுக்கே போவுல." போதும் அண்ணா, நிறுத்துங்கள். கண்ணு வரும், ஒடம்பு வராது. இதை எதற்கு இப்போது என் காதில் போட்டீர்கள், இனி இது உள்ளே கிடந்து உருளும். டப்பா அவர் காலருகே போய் மீன் வாடை பார்க்கிறான், அவர் குனிந்து காதைச் சொறிந்துவிடுகிறார். சொறிந்தபடியே, "மதகுக்கிட்ட நீலத் தாழக்கோழி குஞ்சு பொரிச்சிருக்குதுங். படம் புடிக்கறதுன்னா இன்னைக்கே புடிச்சுப் போடுங்க. கீரி ஒண்ணு அங்கயே சுத்துது, நாளைக்கு இருக்கும்னு சொல்ல முடியாது" என்கிறார். சரிங்கண்ணா என்று நகர்கிறேன். பத்து எட்டு போனதும் பின்னாலிருந்து, "அம்மிணி, தூக்கிட்டுப் போறதுன்னா ஒரு கொரல் குடுங்க" என்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாய்க்காரர்களை ஏமாற்ற முடியாது.

பிள்ளை இல்லாத வீடு, அதனால்தான் நாயைப் பிள்ளையாக வளர்க்கிறார்கள் என்று உறவுக்குள் ஒரு பேச்சு. ஒரு கல்யாணத்தில் என் காது படவே சொன்னார்கள். நான் திரும்பி, பிள்ளையாக வளர்த்தால் இத்தனை நாளில் என்னிடம் பைக் கேட்டிருப்பான் என்றேன், அதோடு வாய் மூடினார்கள். நாய் நாய்தான். பிள்ளை வளர்ந்தால் நம்மைவிட்டுத் தள்ளிப் போக வேண்டும், அதுதான் நியாயம். இவன் ஒன்பதடி போனவன் இல்லை. படம் எடுக்க நிற்கும்போதெல்லாம் என் இடது பாதத்தின் மேல் உட்காருவான், முழுக் கனத்தோடு, முதுகை என் முழங்காலில் சாய்த்து. வால் மட்டும் சும்மா இருக்காது, என் கெண்டைக்காலில் பட் பட்டென்று அடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் பறவை எடுக்கிறவர்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம், அதில் பிரேம்நாத் என்று ஒரு பெரிய மனிதர், யார் படம் போட்டாலும் நொட்டை சொல்வார். என் படம் என்றால் எழுத்து மாறாமல் ஒன்றே ஒன்று, "மேடம், வழக்கம்போல ஷேக் இருக்கு. ட்ரைபாட் யூஸ் பண்ணுங்க." என் கை ஆடாது ஐயா, இருபத்தைந்து வருஷமாகப் பொத்தான் அமுக்கிய கை. ஆடுவது கால். காலில் ஒரு நாய் சாய்ந்து வாலாட்டினால் கூழைக்கடா கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். இதை அவரிடம் சொல்லவில்லை. நன்றி சார், முயற்சி செய்கிறேன் என்று ஒரு கும்பிடு போட்டுவிடுவேன். இப்போது யோசித்தால், என் படங்களிலெல்லாம் அவன் இருக்கிறான், அந்த ஆட்டமாக. மீன்கொத்தியின் அலகு ஓரத்தில் இரட்டையாகத் தெரிகிற கோடு அவன்தான். போன மாசிக்கு முன்னால் எடுத்ததில் ஆட்டம் அதிகம். சமீபத்தில் எடுத்ததில் குறைவு, பிரேம்நாத் கூட, நல்ல முன்னேற்றம் மேடம் என்று கைதட்டுகிற பொம்மை போட்டிருந்தார். அந்தக் கைதட்டலைப் பார்த்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரே ஒரு தரம் அசையாமல் இருந்தான். டாக்டர் பரீதாவின் கிளினிக்கில், வயிற்றில் கட்டி இருக்கிறது, நெஞ்சையும் ஒரு படம் பார்த்துவிடலாம் என்றாள். மனிதர்களை எடுக்கும்போது நான் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவேன், நாய்க்கு அப்படி முடியாது, யாராவது கவசம் போட்டுக்கொண்டு பிடிக்க வேண்டும். நான் பிடிக்கிறேன் என்றேன். வாழ்க்கையில் முதல் தரம் படமெடுக்கும்போது பக்கத்தில் நிற்கிறேன். பக்கவாட்டில் படுக்க வைத்து, கழுத்தில் ஒரு கை, தொடையில் ஒரு கை. என் கைக்குக் கீழே நெஞ்சு அடிக்கிறது. பழக்க தோஷம், வாய் தானாக, மூச்சை இழுத்துப் பிடிங்க என்றது. நாய்க்கு, அதுவும் மரியாதையாக. அங்கிருந்த உதவியாள் பெண் சிரித்துவிட்டாள், பரீதாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவன் என்னையே பார்த்தபடி அசையாமல் கிடந்தான், நிஜமாகவே மூச்சைப் பிடித்திருந்தானோ என்னவோ. திரையில் படம் வந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் கோடு கிழித்த மாதிரி, நெஞ்சு, முதுகுத்தண்டு, அத்தனை துல்லியம். அதற்குள் ஜவ்வரிசியைக் கொட்டிவிட்டாற்போல உருண்டை உருண்டையாக வெள்ளை, இரண்டு பக்க நுரையீரலிலும். பரீதா சிரிப்பதை நிறுத்தினாள், ஆரம்பித்தாள், "அக்கா, இது..." தெரியுதுங்க என்றேன். இந்த மாதிரிப் படத்தை எத்தனை பேருக்கு உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், முகத்தில் ஒன்றும் காட்டாமல். என்ன இருக்குதுங்க சிஸ்டர் என்று கேட்பார்கள். டாக்டர் சொல்லுவாருங்க என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அன்றைக்கு எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. நான் பங்கெடுத்து எடுத்த படங்களிலேயே தெளிவானது அதுதான். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு இம்மி ஆட்டம் இல்லை. அவனுடைய ஒரே நல்ல படம் அது என்று ஆகிவிடக் கூடாது, அதனால்தான் இந்தப் பிடிவாதம், அதனால்தான் தினமும் இந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு வருகிறேன்.

மதகு வந்துவிட்டது. சிமெண்டு மேடையில் வெயில் இப்போதுதான் ஏறுகிறது, கல் இளஞ்சூடாக இருக்கிறது. டப்பா ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொள்கிறான், வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறான், நாக்கு வெளிறியிருக்கிறது. இரு, இளைப்பாறு. நாணலுக்குள் ஏதோ கீச்சென்கிறது. அதோ, அண்ணன் சொன்னது சரி. ஆகாயத்தாமரை மேல் அம்மாக்காரி நீலமும் ஊதாவுமாக, சிவப்பு நெற்றியோடு, ராணி மாதிரி நடக்கிறாள், பின்னால் கரித்துணி உருண்டைகளாக மூன்று, இல்லை, நாலு குஞ்சு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால்கள். அட. இங்கிருந்து நாணல் மறைக்கிறது, கொஞ்சம் அந்தப் பக்கம் போனால் வெளிச்சம் முதுகிலிருந்து விழும். போகிறேன், குனிகிறேன். அம்மாக்காரி ஒரு தண்டைக் கடித்துத் தோலுரித்துக் குஞ்சின் வாயில் வைக்கிறாள், இதுதான், இந்தக் கணம்தான். அமுக்குகிறேன், அமுக்கிக்கொண்டே இருக்கிறேன். மூச்சை இழுத்துப் பிடி சாந்தாமணி. விடு. திரையில் பார்க்கிறேன். குஞ்சின் தலையில் இருக்கிற ஒவ்வொரு பொடி மயிரும் தெரிகிறது. அலகிலிருந்து விழப் போகிற தண்ணீர்ச் சொட்டு தெரிகிறது. பெரிதாக்கிப் பார்க்கிறேன், இன்னும் பெரிதாக்குகிறேன், எங்கும் கோடு இரட்டிக்கவில்லை. இப்படி ஒரு படத்தை நான் எடுத்ததே இல்லை. பிரேம்நாத் பார்த்தால் வாயடைத்துப் போவார். இத்தனை துல்லியம் எப்படி, கை அதே கைதான், லென்சு அதே லென்சுதான். அப்போதுதான் இடது பாதம் தெரிகிறது. பாதத்தின் மேல் ஒன்றும் இல்லை.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பின்னால்தான் வந்துகொண்டிருப்பான், மெதுவாக வருகிறான், அவ்வளவுதான், டக் என்று கேட்கும், மண் தரையில் எப்படிக் கேட்கும், கேட்காது. திரும்புகிறேன். படுத்த இடத்திலேயே இருக்கிறான். முகத்தை என் பக்கம் வைத்திருக்கிறான், காது இரண்டும் என் பக்கம். வெயில் சுகமாக இருக்கிறது, அதனால் படுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைச் சோம்பல், நாய்க்கு இருக்கக் கூடாதா? காலையில் வந்தானே, கேட் வரைக்கும் வந்தானே, ஒரு நாளைக்கு ஒரு தரம் வந்தால் போதாதா, டாக்டர் எத்தனை தரம் என்று சொல்லவில்லையே. இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன். தலையை உயர்த்துகிறான். வருகிறான் பார். இன்னும் ஓரெட்டு. கருவேல மரத்துக்குப் பின்னால் மறைந்து நிற்கிறேன், ஐம்பது வயதுப் பொம்பளை நாய்க்கு ஒளிந்து விளையாடுகிறேன், யாராவது பார்த்தால் பார்க்கட்டும். "டப்பா!" குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. எட்டிப் பார்க்கிறேன். முன்னங்கால் இரண்டையும் ஊன்றித் தோளை எழுப்புகிறான், தோள் நடுங்குகிறது, பின்பாதி கல்லோடு கல்லாகக் கிடக்கிறது. மறுபடி படுத்துக்கொள்கிறான். மரத்தைவிட்டு வெளியே வந்து நிற்கிறேன். கை எனக்குத் தெரியாமலே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போகிறது. எப்போதும் வருகிற புகை வரவில்லை. லென்சு ஒரு தரம் போய்த் திரும்பி, பீப் என்கிறது. ஐயோ. நெற்றியில் சின்ன வெட்டுத் தழும்பு, மூக்கு நுனி ஈரம், மீசை மயிர் ஒவ்வொன்றும் வெயிலில் கம்பியாக, பின்னால் குளம் கரைந்து போய், அவன் மட்டும். கண்ணில் வெளிச்சம் விழுந்திருக்கிறது. கண்ணுக்குள் வானம், வானத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி, அது நான். இத்தனை வருஷம் கேட்டது இதுதானே. நாயையும் கண்டேன், போகஸையும் கண்டேன். விரல் பொத்தான் மேல் இருக்கிறது. உள்ளே ஓரத்தில் என்னவோ கலங்குகிறது, என்ன அது, வால். வாலாட்டுகிறான். வருகிறேன் வருகிறேன் என்கிறது வால், உடம்பு வரவில்லை. வாழ்க்கை முழுக்க அசையாதீங்க அசையாதீங்க என்று சொன்ன வாய், "அசைஞ்சுரு சாமி, எந்திரிச்சு வந்து கெடுத்துப் போடு, எப்பவும் போல கெடுத்துப் போடுறா" என்று கெஞ்சுகிறது, சத்தமாகவே கெஞ்சுகிறது. அவன் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான். கேமராவை இறக்குகிறேன். அந்தப் படம் எனக்கு வேண்டாம்.

அவன் வராவிட்டால் நான் போகிறேன், அதிலென்ன. இத்தனை வருஷம் அவன் நடந்த தூரம்தானே. மேடையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இடது காலை நீட்டுகிறேன், தாடையைத் தூக்கிப் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறான், எங்கே போயிருந்தாய் என்று. போனை எடுக்கிறேன். "டாக்டர், சாந்தாமணிங்க." அந்தப் பக்கம் பரீதாவுக்கு அதுவே போதும். "எந்திரிக்கலீங்களாக்கா?" இல்லீங்க. "சரிக்கா. மத்தியானத்துக்கு மேல வரட்டுங்களா? அதுவரைக்கும் வீட்டுல, உங்க கூடவே இருக்கட்டும்." சரிங்க. எவ்வளவு சுலபமாகச் சரிங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயாலேயே இல்லை வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், வைத்துவிட்டாள். குனிந்து அவன் தலைக்கு நேரே கேமராவைப் பிடித்துப் பார்க்கிறேன். லென்சு போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது, பிடி கிடைக்காமல் தவிக்கிறது. தவிட்டு நிறப் புகை. எனக்குத் தெரிந்த டப்பா இதுதான். லென்சு தானாகத் தேடுவதை விசையைத் தள்ளி நிறுத்திவிட்டு, அந்தப் புகையை அப்படியே அமுக்கினேன், ஒரே ஒரு படம். காலில் வால் பட்டது, படம் ஆடித்தான் இருக்கும்.

ஆறுச்சாமி அண்ணனுக்குக் குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அவரே வந்து நிற்கிறார். யாரையும் தொடவிடாத கேமராவை அவர் கையில் கொடுக்கிறேன், ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்குகிறார். போன் அடிக்கிறது, வீட்டுக்காரர். "ஏம்புள்ள, இன்னைக்கு ஈரலு நல்ல எளசாக் கெடச்சுது, உருட்டி வெச்சுட்டேன், ஆறிப் போவுது. ரெண்டு பேரும் எங்க இருக்கறீங்க?" அவருக்கு எப்படிச் சொல்வது, போனில் சொல்லக் கூடாது, வாசலில் இறங்கும்போது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "வந்துட்டே இருக்கறமுங்க" என்கிறேன். போனைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் அவனுக்கடியில் கொடுத்துத் தூக்குகிறேன். கனமே இல்லை. முன்னங்கால் இரண்டையும் என் தோள் மேல் வைத்துவிட்டு, மீதியை நீ பார்த்துக்கொள் என்று இருக்கிறான்.